380 கிலோமீட்டர் ஓடிய ஆயிலை மாற்றுவதா?

மயிலாடுதுறையில் எங்கள் வீட்டுத் தகரக் கொட்டகைக்குள் ஒரு மாருதி 800 நிற்கிறது. 1997 மாடல், கார்புரேட்டர் வண்டி. 796 சிசி, மூன்று சிலிண்டர், டேஷ்போர்டுக்குக் கீழே சோக் குமிழ். அப்பா வாங்கிய முதல் கார். அதற்குப் பிறகு அவர் வேறு கார் வாங்கவில்லை. முழங்கால் வலி வந்ததும் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். நான் சென்னையிலிருந்து மாதம் ஒருமுறை வந்து எடுத்தால் உண்டு. கடைசியாக ஆயில் மாற்றிய ரசீதின் பின்னால் மீட்டரைக் குறித்து வைத்திருந்தார். கழித்துப் பார்த்தேன். இரண்டு வருஷம் நாலு மாதத்தில் 380 கிலோமீட்டர்.

"முந்நூத்தி எண்பது கிலோமீட்டருக்கு யாராவது ஆயில் மாத்துவாங்களாடா? ஆயில் என்ன பாலா, திரிஞ்சு போறதுக்கு?" என்றார் அப்பா.

நியாயமான கேள்விதான். சர்வீஸ் புத்தகத்தில் கிலோமீட்டரையும் மாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, எது முந்துகிறதோ அது என்று இருக்கும். மாதக் கணக்கெல்லாம் ஆயில் விற்பதற்காகப் போட்டது என்று நானும் வெகுநாள் நம்பியவன். சரி, பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்று ஜூன் முதல் ஞாயிறு காலை பானெட்டைத் திறந்தேன்.

ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றியதும் அதன் உள்பக்கம் வெண்ணெய் தடவியதுபோல ஒரு பூச்சு. மோரில் மஞ்சள்தூள் கலந்த நிறம். விரலால் வழித்தால் வழுவழுவென்று வந்தது. தண்ணீரும் ஆயிலும் சேர்ந்து கடைந்த பூச்சு அது. சந்தேகம் தீர, பழைய இரும்புக் கரண்டி ஒன்றை அடுப்பில் காய வைத்து, அடுப்பை அணைத்துவிட்டு, முற்றத்துக்குக் கொண்டுபோய் ஒரே ஒரு சொட்டு விட்டேன். கடுகு தாளித்ததுபோலச் சடசடவென்று பொரிந்தது. வெறும் ஆயில் அப்படிப் பொரியாது, புகைய மட்டுமே செய்யும். கரண்டி பழையதுதான் என்று நான் எவ்வளவு சொல்லியும் அம்மா நம்பவில்லை. அது தனிக் கதை.

தண்ணீர் எங்கிருந்து வந்தது? ரேடியேட்டரில் நீர் மட்டம் குறையவில்லை, அந்த நீரை ஆயிலோடு கலக்காமல் தடுக்கும் கேஸ்கெட் போன அறிகுறியும் இல்லை. வந்த வழி பெட்ரோலேதான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. பெரும்பகுதி சைலென்சர் வழியாகப் போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கும். இன்ஜின் நன்றாகச் சூடாகியிருந்தால் அந்த ஆவியும் வெளியேறிவிடும். ஆறிய இன்ஜினில் உள்சுவரில் வியர்த்து ஆயிலில் கலக்கும். கூடவே எரிந்த புகையிலிருக்கும் அமிலங்களும் சேரும். அந்த அமிலத்தை முறிக்க ஆயிலில் காரச் சரக்கு கலந்திருக்கிறார்கள். அது தீர்ந்துபோனால் அமிலம் பேரிங்கைத்தான் அரிக்கும்.

இதில் எங்கள் வீட்டு நடைமுறை ஒன்று இருக்கிறது. ஞாயிறுதோறும் அப்பா சாவியை எடுத்துப் போய் ஸ்டார்ட் செய்து, பத்து நிமிஷம் ஓடவிட்டு அணைப்பார். பேட்டரி உயிரோடு இருக்குமாம். உள்ளே நடப்பது வேறு. சோக்கை இழுத்தால் பெட்ரோல் தாராளமாக இறங்கும், எரியாமல் சிலிண்டர் சுவரில் வழியும். டேஷ்போர்டு முள் பாதிக்கு வந்தாலும் அது காட்டுவது கூலண்ட், அதாவது ரேடியேட்டர் நீரின் சூட்டை மட்டும். ஆயில் அதற்கு வெகுநேரம் கழித்துத்தான் காயும். ஆக, வாரம் ஒரு டம்ளர் ஈரத்தை உள்ளே விட்டு, காயவிடாமல் மூடி வைத்திருக்கிறோம். டம்ளர் என்பது பேச்சுக்கு, அளந்ததில்லை.

இதை அப்பாவிடம் சொன்னால் என்ன ஆகும் என்று தெரிந்ததால் அன்று சொல்லவில்லை.

அப்புறம் ஆயில் குச்சியை உருவினேன். அங்கேதான் கதை மாறியது. மேல் கோட்டுக்கு மேலே, விரற்கடை அளவு உயரத்தில் ஆயில். யாரும் ஊற்றவில்லை. இருபத்தெட்டு வருஷ வண்டியில் ஆயில் குறையும், கூடுமா? குச்சியை முகர்ந்து பார்த்தேன். பெட்ரோல் பங்கில் நிற்கிற மாதிரி இருந்தது. நாள்காட்டித் தாளைக் கிழித்து, பின்பக்கம் ஒரு சொட்டு வைத்து அரை மணி விட்டுவிட்டேன். நடுவில் கறுப்புப் பொட்டு, அதைச் சுற்றி வெளிறிய ஈர வளையம் அகலமாகப் பரவியிருந்தது. வளையம் பெட்ரோல்.

சோக் மட்டும் இவ்வளவு செய்யாது என்று தோன்றியது. தெருமுனை ஒர்க்‌ஷாப் அண்ணனுக்கு போன் போட்டேன்.

"அண்ணே, ஆயில் லெவல் ஏறியிருக்கு. பெட்ரோல் வாடை அடிக்குது."

"வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்க தம்பி. பெட்ரோல் பம்பு டயாஃப்ரம் போயிருக்கும். சாயங்காலம் வர்றேன்."

இந்த கார்புரேட்டர் வண்டிகளில் பெட்ரோல் பம்ப் மின்சாரத்தில் ஓடுவதில்லை. இன்ஜின் மண்டையிலேயே பொருத்தியிருக்கும். கேம்ஷாஃப்ட் தள்ளத் தள்ள உள்ளே டயாஃப்ரம் என்கிற ரப்பர் சவ்வு ஏறி இறங்கி பெட்ரோலை இழுக்கும். சவ்வு கிழிந்தால் பெட்ரோல் நேராக ஆயிலுக்குள் ஒழுகும். அண்ணன் பம்பைக் கழற்றி ஆட்டிக் காட்டினார். உள்ளே வெடித்த ரப்பர். வருஷக்கணக்கில் ஈரமாவதும் காய்வதுமாக இருந்து வெடித்திருக்கிறது என்றார். இப்போது வருகிற எத்தனால் கலந்த பெட்ரோலும் பழைய ரப்பருக்கு ஆகாது என்பது அவர் கட்சி. புதுப் பம்ப் போட்டாயிற்று.

ஆயிலை நானே மாற்றுகிறேன் என்றேன். சிரித்துக்கொண்டே ஜாக்கி ஸ்டாண்டைக் கடன் கொடுத்தார். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது என்பதை மூன்று தடவை சொன்னார்.

மறுநாள் வேலை. வழக்கமாக இன்ஜினைக் கொஞ்சம் சூடாக்கிவிட்டு இறக்கினால் ஆயில் சுத்தமாக வடியும். பெட்ரோல் கலந்ததைச் சூடாக்க மனம் வரவில்லை. அப்படியே திறந்தேன். பழைய ஆயில் தேனாக இழுபடாமல் ரசம் மாதிரி ஓடி வந்தது. பேசினுக்கு வெளியே தெறித்து என் சட்டைக்கைக்குள்ளும் ஓடியது. இந்தத் தண்ணியா பேரிங்குக்கு மெத்தையாக இருந்தது என்று நினைக்கவே வயிற்றைக் கலக்கியது.

ஃபில்டர்தான் படுத்தியது. கையால் திருகினால் அசையவில்லை. பெல்ட்டைச் சுற்றி இழுத்தால் அது கழன்று கழன்று வந்தது. கடைசியில் உப்புத்தாளைச் சுற்றிப் பிடித்துத் திருகியதும் இளகியது. புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் ஆயில் தடவி, உட்கார்ந்த பிறகு முக்கால் சுற்று, கைப்பலம் மட்டும். டிரெயின் போல்ட்டுக்கு வாஷர் புதுசு. ஊற்றியது சாதாரண 20டபிள்யூ-40 ரக ஆயில். மூன்று லிட்டர் கேனில் கொஞ்சம் மீந்தது. கடைக்காரர் முழு சிந்தெடிக் போடச் சொன்னார். மார்கழியிலும் குளிர் நடுக்காத ஊரில், இந்த வண்டிக்கு அது வீண்செலவு என்பது என் எண்ணம். எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய்க்குள் முடிந்தது, பம்ப் நீங்கலாக.

பரணில் அப்பா 2014-இல் வாங்கிய சீல் உடைக்காத ஒரு லிட்டர் டப்பா கிடைத்தது. சீல் பிரிக்காத ஆயிலுக்கு ஐந்து வருஷம் என்பார்கள். ஊற்ற மனமில்லை. இப்போது அது கேட் கீலுக்கும் சைக்கிள் செயினுக்கும் போகிறது. வடித்த ஆயிலை மூங்கில் கம்பத்துக்குக் கரையான் மருந்தாகப் பக்கத்து வீட்டு மாமா கேட்டார். கிணற்றுக்கு நாலடி தள்ளி நடப்போகிற கம்பம் அது. வேண்டாம் மாமா என்று சொல்லி ஒர்க்‌ஷாப் டிரம்மில் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

அன்று மாலை அப்பாவை முன்சீட்டில் உட்கார வைத்து, செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகத் தரங்கம்பாடி வரை போனோம். போக ஏறத்தாழ 30 கிலோமீட்டர், வர 30. ஆயில் காய்வதற்கு இது போதும். கோட்டைப் பக்கம் கடற்காற்றில் நின்றபோதுதான் ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷக் கதையைச் சொன்னேன். "அப்ப இத்தனை நாள் நான்தான் கெடுத்தேனா?" என்றார். பேட்டரி போகவில்லையே அப்பா, அது உங்களால்தான் என்றேன். பதில் சொல்லாமல் சுண்டல் வாங்கினார்.

இப்போது ஜனவரி. அப்பாவின் ஞாயிற்றுக்கிழமை ஸ்டார்ட் நின்றது. பேட்டரிக்குச் சிறிய சார்ஜர் ஒன்று வாங்கினோம். நான் வரும்போதெல்லாம் தரங்கம்பாடி. ஏழு மாதத்தில் ஏறக்குறைய 420 கிலோமீட்டர். முந்தைய இரண்டு வருஷத்தைவிட அதிகம், ஆனாலும் குச்சியில் மட்டம் போட்ட இடத்திலேயே நிற்கிறது. நிறம் லேசாகப் பழுத்திருக்கிறது, வாடை இல்லை. மூடியின் உள்பக்கம் மழை மாதத்தில் மெல்லிய பூச்சு வந்து, ஒரு நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு போய்விட்டது. ஜூனில் ஒரு வருஷம் ஆகும்போது மாற்றிவிடுவேன். இப்படியே ஓடினால் ஒன்றரை வருஷம் தாங்கும் என்று தோன்றினாலும், 1,500 ரூபாய்க்காக இந்த இன்ஜினோடு பந்தயம் கட்ட நான் தயாரில்லை.

போன வாரம் அப்பா தானே குச்சியை உருவி, முகர்ந்து, வேட்டித் தலைப்பில் துடைத்துத் திரும்பச் செருகினார். அப்புறம் பிரேக் ஆயில் டப்பாவை எட்டிப் பார்த்தார். டீத்தண்ணி நிறம். எப்போது மாற்றியது என்று கேட்டேன். அதற்கு ரசீது இல்லை. அடுத்த முறை வரும்போது அதுதான் வேலை.