கென்னல் நாட்குறிப்பு, நவம்பர் 2025

நவம்பர் 1, சனி

என்.எஸ்.எஸ். (கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டம்) மணி நேரத்துக்காகத்தான் பேர் கொடுத்தேன், அதை மறைத்து என்ன ஆகப் போகிறது. மரம் நடுவதும் ரத்த தானமும் நிரம்பிவிட்டன. மிச்சம் இருந்தது நாய் ஷெல்டர்.

ஊசி முதலில் நாய்க்கு இல்லை, எங்களுக்கு. கடிபடுவதற்கு முன்பே போட்டு வைக்கும் ரேபிஸ் ஊசி: முதல் நாள், ஏழாம் நாள், இருபத்தொன்றாம் நாள். இன்று இரண்டாவது. மூன்றாவது முடியும் வரை பெரிய நாய்களின் கென்னலுக்குள், அதாவது கம்பிக் கூண்டுக்குள், போகக் கூடாது, கம்பிக்கு வெளியேதான் வேலை. போனதும் நாயைத் தூக்கிக் கொஞ்சலாம் என்று வந்தவர்கள் கையில் துடைப்பம். இரண்டு பேர் டீ குடிக்கப் போனவர்கள் திரும்பவே இல்லை.

சமையல்தான் எனக்குப் பிடித்தது. பெரிய அண்டாவில் குருணை அரிசி, கோழித் தலை, கால், ஈரல், கொஞ்சம் மஞ்சள்தூள். உப்பு கிடையாது. வெங்காயம் கிடையவே கிடையாது, அது நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடுமாம். எங்கள் வீட்டு மணி சாம்பார் சாதம் சாப்பிட்டே 13 வயசு வரை இருந்ததே என்றேன். டாக்டர் அக்கா, "அது மணியோட அதிர்ஷ்டம்மா" என்றார்.

நவம்பர் 2, ஞாயிறு

கையில் இன்னும் அந்த வாசனை.

நவம்பர் 5, புதன்

வகுப்பில் உட்கார்ந்து மனிதர்களையே நாயைக் கவனிப்பது போலப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். சனிக்கிழமை ஷெல்டர் அண்ணன் சொன்னது: வால் ஆடினால் சந்தோஷம் என்று நம்பாதே. விறைப்பாக, உயரத் தூக்கி ஆட்டினால் அது எச்சரிக்கையாகவும் இருக்கலாம். உதட்டை நக்குவது, தூக்கம் வராமல் கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, எல்லாமே "கொஞ்சம் தள்ளிப் போ" என்பதுதான். உறுமுகிற நாயை அதட்டக் கூடாதாம். உறுமினால் அடி விழும் என்று தெரிந்துகொண்ட நாய் அடுத்த முறை உறுமாமல் நேராகக் கடிக்கும்.

14ஆம் கென்னல் லேப்ரடார் எதுவுமே செய்வதில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறது.

நவம்பர் 7, வெள்ளி

மதியத்திலிருந்து ஃபோன் ஓயவில்லை. உச்ச நீதிமன்ற உத்தரவு. பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, பஸ் நிலையம், ரயில் நிலையம், விளையாட்டு வளாகம், எங்குமே தெருநாய் இருக்கக் கூடாது. பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு காப்பகத்தில் விட வேண்டும். பிடித்த இடத்தில் திரும்ப விடக் கூடாது.

கல்லூரி என்றால் நாங்களும்தானே. அதாவது எங்கள் வளாக நாய்கள் அரியரும் கருப்பியும்.

(அரியர் எந்த பேட்ச்சிலிருந்து இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, இன்னும் பாஸ் ஆகவில்லை, அதனால் அந்தப் பேர்.)

நவம்பர் 8, சனி

ஷெல்டர் முழுக்க இதே பேச்சு. நாலு நாய்க்குக் கட்டிய கென்னலில் இப்போதே ஏழு. "எங்கம்மா வைக்கிறது?" என்று அண்ணன் என்னிடம் கேட்கிறார், நான்தான் தீர்ப்பு எழுதியது போல.

2023இல் வந்த ஏபிசி (விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாடு) விதிகளின்படி, கருத்தடை செய்த நாயை எங்கே பிடித்தார்களோ அங்கேயே விட வேண்டும். டெல்லி வழக்கில் ஆகஸ்ட் 22 அன்று இதே நீதிமன்றமும் ரேபிஸ் உள்ளவை, ஆக்ரோஷமானவை தவிர மற்றவற்றைத் திரும்ப விடத்தான் சொன்னது. அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கேண்டீன் எச்சில் இலையும் குப்பைத் தொட்டியும் அப்படியே இருக்க, இருக்கிற நாயை மட்டும் எடுத்தால் அந்த இடம் காலியாக இருக்காது. பக்கத்துத் தெரு நாய் வரும். அதற்குக் கருத்தடையும் ஆகியிருக்காது, ஊசியும் போட்டிருக்காது, நம்மையும் தெரியாது.

இதை எல்லாம் ராத்திரி ரூம்மேட்டிடம் மூச்சு விடாமல் சொன்னேன். அவள் பேன்ட்டை மேலே சுருட்டி கெண்டைக்காலைக் காட்டினாள். ஆறாம் வகுப்பில் கடிபட்டது, தழும்பு இன்னும் இருக்கிறது. லைப்ரரியிலிருந்து எட்டு மணிக்கு மேல் அவள் தனியாக வருவதே இல்லை, இத்தனை நாளும் என்னைக் கூப்பிட்டது சும்மா பேச்சுத் துணைக்கு என்று நினைத்திருந்தேன். அவளுடைய பயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. நாய்ப் பிரியர்கள் இப்படிப்பட்டவர்களிடம் பேசுவதே இல்லை, ஃபோனில் சண்டைதான் போடுகிறார்கள்.

நவம்பர் 9, ஞாயிறு

அரியர் லைப்ரரி படியில் தூங்குகிறது. செக்யூரிட்டி தாத்தா சுற்றிக்கொண்டு போகிறார்.

நவம்பர் 12, புதன்

ஒவ்வொரு வளாகத்துக்கும் நாய் நுழையாமல் பார்த்துக்கொள்ள ஒரு பொறுப்பு அதிகாரி வேண்டுமாம், விவரத்தை வாசலில் ஒட்ட வேண்டுமாம். எங்கள் கல்லூரியில் யாரைப் போட்டிருக்கிறார்கள் தெரியுமா? தினமும் காலையில் கருப்பிக்கு மாரி பிஸ்கட் போடும் கெமிஸ்ட்ரி சார். இன்றும் போட்டார். நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு, பிஸ்கட் பாக்கெட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "இன்டர்னல் மார்க் பார்த்தியாம்மா?" என்றார்.

நவம்பர் 15, சனி

மூன்றாவது ஊசி. உள்ளே போகலாம்.

14க்குள் போய் லேப்ரடாருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன், அப்படித்தான் உட்காரச் சொன்னார்கள். நேராகப் பார்க்கக் கூடாது, கையை நீட்டக் கூடாது, அதுவாக வந்தால் வரட்டும். வரவில்லை. கழுத்தில் பட்டை கிடந்த இடத்தில் முடி தேய்ந்திருக்கிறது. கார் ஒன்றிலிருந்து இறக்கிவிட்டுப் போனார்களாம், வண்டி போன திசையில் நெடுந்தூரம் ஓடியிருக்கிறது. வளர்த்த மிருகத்தைக் கைவிடுவது 1960ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஐம்பது ரூபாய்! எங்கள் கேண்டீன் பரோட்டா செட் அதைவிட ஜாஸ்தி.

கிளம்பும்போது கேட்டில் அட்டைப்பெட்டி. ஐந்து குட்டிகள். ஒன்று அப்போதே வாந்தி.

நவம்பர் 16, ஞாயிறு

பார்வோ வைரஸ்.

நவம்பர் 17, திங்கள்

வகுப்புக்குப் போகவில்லை. ரத்தம் கலந்த பேதி, அந்த நாற்றம் ஒரு முறை தெரிந்தால் போதும், பரிசோதனை கிட் தேவையில்லை என்கிறார் அக்கா. வைரஸுக்கென்று மருந்து இல்லை. டிரிப்ஸ் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, வேறு தொற்று சேராமல் ஆன்டிபயாடிக் போட்டு, குட்டியின் உடம்பே ஜெயிக்கும் வரை தாங்கிப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். என் சுண்டுவிரல் அளவுகூட இல்லாத காலில் நரம்பு தேடுகிறார். நான் அசையாமல் பிடித்துக்கொள்கிறேன்.

ஃபினாயிலுக்கு இந்தக் கிருமி சாகாதாம். ப்ளீச்தான். இல்லாவிட்டால் தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். இந்த அறைக்குத் தனிச் செருப்பு, தனி வாளி, இங்கே வந்தவர்கள் அன்றைக்கு வேறு குட்டிகள் பக்கம் போகவே கூடாது. ஆறு வாரத்திலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசியைப் போட்டு, அடுத்த தவணைகளையும் விடாமல் போட்டால் இது பெரும்பாலும் வராது. பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தவருக்கு அட்டையில் காற்றோட்டத்துக்கு ஓட்டை போடத் தெரிந்திருக்கிறது.

நவம்பர் 18, செவ்வாய்

மூன்று குட்டிகள்தான் மிச்சம்.

நவம்பர் 20, வியாழன்

இரண்டு. ஒன்று தானாக எழுந்து தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்தது. திட்டினேன். சந்தோஷத்தில்தான்.

நவம்பர் 22, சனி

இன்று கருத்தடை வார்டு. மயக்கத்தில் இருக்கும்போதே காதின் ஓரத்தில் சின்னதாக வெட்டிவிடுகிறார்கள், தூரத்திலிருந்தே அடையாளம் தெரிய. அதே நாயை மறுபடி பிடித்து வயிற்றைத் திறக்கக் கூடாதே.

சாயங்காலம் காலேஜுக்கு ஓடினேன். அரியரின் காதில் வெட்டு இருக்கிறது. கருப்பிக்கு இல்லை. இத்தனை நாள் காதைச் சொறிந்துவிட்டிருக்கிறேன், ஏதோ சண்டையில் கிழிந்தது என்றே எல்லோரும் நினைத்தோம்.

ரூம்மேட் கேட்டாள்: "காது வெட்டின நாய் கடிக்காதா?" நல்ல கேள்வி. அந்த வெட்டு அப்படி எதுவும் உறுதி சொல்லவில்லை. கருத்தடை ஆனது, அன்றைக்கு ரேபிஸ் ஊசியும் போட்டார்கள், அவ்வளவுதான். ஊசியை வருஷா வருஷம் போட வேண்டும். கடித்தால் எந்த நாயாக இருந்தாலும் உடனே சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவ வேண்டும், அப்புறம் ஆஸ்பத்திரி. அவளுக்கு அன்றைக்கு யாரோ மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டினார்களாம். ஊசி போட்டது மறுநாள்.

நவம்பர் 26, புதன்

கெமிஸ்ட்ரி சாரிடம் போய் கருப்பிக்கு ஊசியாவது போடலாமா சார் என்றேன். "இப்போ எதுவும் எழுத்துல வேண்டாம்" என்றார். மாநகராட்சி வண்டி எப்போது வரும் என்று அவருக்கும் தெரியாது. லிஸ்ட் கேட்டார்களாம், இரண்டு என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஹாஸ்டல் பின்னால் இன்னும் மூன்று இருக்கிறதே என்றேன். பேப்பரைத் திருத்துவதில் மும்முரமாகிவிட்டார்.

நவம்பர் 29, சனி

14 வந்தது. என் ஷூவை மோந்துவிட்டுத் திரும்பவும் சுவரிடம் போய்விட்டது. அண்ணன் இதைப் பெரிய விஷயம் என்கிறார்.

இங்கே வர வர ஒன்று தெளிவாகிக்கொண்டே போகிறது. இவ்வளவு நல்லவர்கள் இவ்வளவு உழைக்கும் இடத்திலும் ஒரு நாய் வாழ்நாள் முழுக்க இருக்கக் கூடாது. இது ஆஸ்பத்திரி. வந்து, தேறி, போக வேண்டிய இடம். ராத்திரியில் ஒன்று குரைத்தால் அத்தனையும் குரைக்கின்றன, பலவீனமானது மூலையில் ஒண்டுகிறது, சிலது கம்பி ஓரமாக ஒரே தடத்தில் நடந்துகொண்டே இருக்கிறது. அரியரை இதற்குள் நினைத்துப் பார்த்தேன். மாலை ஆறு மணிக்குப் பெண்கள் ஹாஸ்டல் வாசலில் இருக்க வேண்டும் அதற்கு, இல்லாவிட்டால் தாங்காது.

டிசம்பர் 1, திங்கள்

டிட்வா புயல் மழை. ஷெல்டரில் தண்ணீர் ஏறுகிறது என்று குரூப்பில் செய்தி. பஸ் இல்லை. பழைய துண்டு, பெட்ஷீட் சேர்த்து வைத்தோம். ரூம்மேட் தன் போர்வையைக் கொடுத்தாள், எதுவும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

லீவு. கீழ் வரிசைக் கென்னல்களை எல்லாம் மேலே மாற்றிவிட்டார்களாம். குட்டிகள் இரண்டும் ஆபரேஷன் அறையில். 14 பற்றி யாரும் சொல்லவில்லை.

டிசம்பர் 4, வியாழன்

வண்டி வந்துபோயிருக்கிறது. வகுப்பில் இருந்தோம். கருப்பி இல்லை. அரியர் எங்கே என்று செக்யூரிட்டி தாத்தாவைக் கேட்டால் "எனக்கென்ன தெரியும்" என்கிறார், ஆனால் அவர் அறைக்கதவு சாத்தியிருக்கிறது, உள்ளே ஃபேன் ஓடுகிறது.

டிசம்பர் 5, வெள்ளி

அண்ணனுக்குப் போன் செய்தேன், இடம் இருக்கிறதா என்று. இல்லை என்றார். அப்புறம், ஆணா பெண்ணா, கருத்தடை ஆச்சா, மத்த நாய்களோட ஒத்துப் போகுமா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போகிறார்.