எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை குறுக்கு வழியா?

"வாயைக் கட்டினால் போதாதா, அதற்காக யாராவது வயிற்றை அறுத்துக்கொள்வார்களா?" எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்ட என் தோழி, வீடு திரும்பிய நாள் முதல் இந்தக் கேள்வியை ஏதாவது ஒரு வடிவத்தில் எதிர்கொண்டுதான் இருக்கிறார். கேட்பவர்கள் பெரும்பாலும் அவர் மீது அக்கறை உள்ளவர்களே. ஆனாலும், பருமனாக இருப்பவர் நாக்கை அடக்கத் தெரியாதவர் என்றும், அறுவை சிகிச்சை உழைக்க விரும்பாதவரின் குறுக்கு வழி என்றும் அந்தக் கேள்வி முன்கூட்டியே தீர்ப்பெழுதிவிடுகிறது. அவருக்குத் துணையாக இருந்த காலத்தில் இதைப் பற்றித் தேடிப் படித்தபோது, இந்தத் தீர்ப்பு இரக்கமற்றது என்பதைவிட, உடலியல்படியே தவறானது என்பது எனக்குத் தெளிவாயிற்று.

எடை குறையும்போது உடல் அதைப் பஞ்சமாகவே எடுத்துக்கொள்கிறது. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோனை 1994இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மேனின் ஆய்வுக்குழு கண்டறிந்தது. இரைப்பை சுரக்கும் கிரெலினை 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். முன்னது உடலில் போதிய சேமிப்பு இருக்கிறது என்று மூளைக்குச் சொல்வது, பின்னது பசியைத் தூண்டுவது. உணவைக் குறைத்து எடை இழந்தவரிடம் லெப்டின் சரிகிறது, கிரெலின் ஏறுகிறது, ஓய்வில் உடல் செலவிடும் ஆற்றலும் குறைகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியின் எடைக் குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களில் பெரும்பாலோர் இழந்த எடையில் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றிருந்தனர். அது வியப்பில்லை. எடை திரும்பிய பிறகும், அவர்களுடைய உடல் அந்த அளவுள்ள உடல் செலவிட வேண்டியதைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாகவே செலவிட்டுக்கொண்டிருந்தது என்பதுதான் வியப்பு. இப்படிப்பட்ட உடலோடு ஆயுள் முழுவதும் மல்லுக்கு நிற்பதைத்தான் நாம் "கொஞ்சம் கட்டுப்பாடு" என்று சொல்லிவிட்டுப் போகிறோம்.

இரைப்பைப் புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை இழந்தவர்கள் மெலிந்துபோவதைக் கவனித்த அயோவா பல்கலைக்கழக அறுவை மருத்துவர் எட்வர்ட் மேசன், 1966இல் அதையே பருமனுக்குச் சிகிச்சையாக்கி இரைப்பை பைபாஸைத் தொடங்கினார். இன்று உலகில் அதிகம் செய்யப்படுவது ஸ்லீவ் முறை. இதில் இரைப்பையின் முக்கால் பாகத்துக்கும் மேல் நீளவாக்கில் வெட்டி எடுக்கப்பட்டு, குறுகிய குழாய் ஒன்று மட்டும் மிஞ்சுகிறது. பைபாஸில், சுமார் 30 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு பை இரைப்பையின் மேற்பகுதியில் உருவாக்கப்பட்டு, சிறுகுடலோடு நேரடியாக இணைக்கப்படுகிறது. இரண்டும் இப்போது பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பி வழியாகவே, அதாவது வயிற்றைப் பெரிதாகத் திறக்காமல் சிறு துளைகள் வழியாகவே நடக்கின்றன. வயிறு சிறுத்துவிட்டதால் குறைவாகச் சாப்பிடுகிறார்கள் என்று நினைப்பது பாதி உண்மைதான். ஸ்லீவில் அகற்றப்படும் மேற்பகுதியில்தான் கிரெலின் மிகுதியாகச் சுரக்கிறது. பைபாஸுக்குப் பிறகு உணவு சிறுகுடலின் கீழ்ப்பகுதியை விரைவில் எட்டுவதால், நிறைவுணர்வைத் தந்து இன்சுலினையும் தூண்டும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் பெருகுகிறது. எடை குறிப்பிடும்படி இறங்குவதற்கு முன்பே, சில நாட்களிலேயே, சர்க்கரை நோயாளிகள் பலருக்கு மருந்தின் அளவைக் குறைக்க வேண்டியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வால்டர் போரிஸ் என்ற அறுவை மருத்துவர் 1995இல் இதை விரிவாக எழுதியபோது, கட்டுரையின் தலைப்பிலேயே தம் வியப்பை மறைக்காமல் வெளியிட்டார்.

குறுக்கு வழி என்பவர்கள் என் தோழியோடு ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். முதலில் நீராகாரம், பிறகு மசித்தது, பிறகு மென்மையானது என்று வாரக்கணக்கில் படிப்படியாகத் தேறித்தான் அவர் திட உணவுக்கு வந்தார். இன்றும் சிறு கிண்ணத்தில் புரதம் உள்ளதைத்தான் முதலில் தொடுகிறார். ஒவ்வொரு வாய்க்கும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கூழாகும்வரை மெல்லுகிறார். சாப்பிடும்போது தண்ணீர் குடிப்பதில்லை, அரை மணி நேரம் காத்திருக்கிறார். ஒரு வாய் கூடிப்போனால் நெஞ்சில் அடைத்துக்கொண்டு, உண்டது வெளியே வரும்வரை விடாது. சில மாதங்களில் முடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. அது பெரும்பாலும் தற்காலிகமானது என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தும், சீப்பைப் பார்த்து அவர் அழுதது எனக்குத் தெரியும். பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு, இனிப்பு வேகமாகக் குடலுக்குள் இறங்கினால் படபடப்பும் வியர்வையும் வயிற்றுப்போக்கும் வருவதுண்டு. மதுவும் அவர்களுடைய இரத்தத்தில் மிக விரைவாக ஏறும். வேகமாக எடை குறைகையில் பித்தப்பைக் கல் உருவாகலாம். பி12, இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றை ஆயுள் முழுவதும் கவனிக்க வேண்டும். விடாத வாந்தியை அலட்சியப்படுத்தினால், தயமின் என்ற வைட்டமின் பி1 குறைந்து நரம்பு மண்டலமே பாதிக்கப்படலாம். இவற்றை முதல் சந்திப்பிலேயே பொறுமையாக விளக்காமல் தேதி குறிக்க அவசரப்படுத்தும் மருத்துவரிடமிருந்து எழுந்து வந்துவிடுவதே நல்லது என்பேன்.

இவ்வளவும் தெரிந்தே, தகுதியுள்ளவர்கள் இதைச் செய்துகொள்வதை நான் ஆதரிக்கிறேன். ஸ்வீடனில் 1987இல் தொடங்கி நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு, அறுவை சிகிச்சை பெற்றவர்களிடையே இறப்பு விகிதம் குறைவு என்று 2007இல் காட்டியது. அவர்களுக்கும் ஓரளவு எடை திரும்பியதென்றாலும் பெரும்பகுதி திரும்பவில்லை. யாருக்குச் செய்யலாம் என்ற வரையறையும் மாறியிருக்கிறது. உயரத்தோடு எடையை ஒப்பிடும் உடல் நிறை குறியீட்டெண் 40, அல்லது இணைநோய்களோடு 35 என்று 1991இல் வகுக்கப்பட்ட எல்லை, 2022இல் வெளியான வழிகாட்டுதலில் 35 எனத் தளர்த்தப்பட்டது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு 30 ஆனது.

ஆனால் ஒருவருக்கு நல்ல தீர்வு என்பதாலேயே அது உலகத்துக்கும் தீர்வாகிவிடாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2022இல் உலகில் எட்டில் ஒருவர் உடல் பருமன் உள்ளவர். பெரியவர்களில் மட்டும் 89 கோடிப் பேர். 1990ஐ ஒப்பிட்டால் பெரியவர்களிடையே இந்த விகிதம் இரு மடங்குக்கும் மேல். ஆண்டுக்குச் சில லட்சம் அறுவை சிகிச்சைகள் இந்தக் கூட்டத்தின் ஓரத்தைக்கூடத் தொடாது. முப்பது ஆண்டுகளில் மனித மரபணு மாறிவிடவில்லை. எல்லா நாட்டு மக்களின் மனவுறுதியும் ஒரே காலத்தில் உதிர்ந்துபோயிருக்கவும் வாய்ப்பில்லை. மாறியது உணவுதான். 2019இல் வெளியான சிறிய ஆய்வு ஒன்றில், 20 பேருக்கு இரண்டு வாரம் மிகையாகப் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் அப்படிப் பதப்படுத்தாத உணவும் தரப்பட்டன. பரிமாறிய கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் சமமாக இருந்தும், விரும்பிய அளவு சாப்பிடலாம் என்று விட்டபோது, பதப்படுத்திய உணவை உண்ட நாட்களில் அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டனர்.

இப்போது ஊசி மருந்துகள் வந்துவிட்டன. 2021இல் அமெரிக்காவில் எடைக் குறைப்புக்கு அனுமதி பெற்ற செமாகுளுடைட், சோதனையில் 68 வாரங்களில் சராசரியாக 15 சதவீதம் எடையைக் குறைத்தது. நிறுத்திய ஓராண்டில் அதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. கத்தியானாலும் ஊசியானாலும், நடுவில் விட்டுவிட்டுப் போகக்கூடிய சிகிச்சை அல்ல இது.

என்னை அதிகம் உறுத்துவது குழந்தைகளின் கணக்கு. 5 முதல் 19 வயதுக்குட்பட்டவர்களில் 16 கோடிப் பேர் 2022இல் உடல் பருமனோடு இருந்தனர். கடுமையான பருமன் உள்ள 13 வயதுக்கு மேற்பட்டவர்களை அறுவை சிகிச்சை ஆலோசனைக்கு அனுப்பலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு 2023இல் அறிவுறுத்தியது. மருத்துவம் என்ற அளவில் அதை என்னால் மறுக்க முடியவில்லை. ஆனால் அந்த வயதில் இரைப்பையை வெட்டும் நிலை எப்படி வந்தது என்ற விசாரணையை மருத்துவமனை வாசலோடு நிறுத்திவிட முடியாது. மெக்சிகோ 2014இல் இனிப்புப் பானங்களுக்கு வரி விதித்தது. சிலி 2016இல் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பொட்டலங்களின் முகப்பில் கறுப்பு எச்சரிக்கை முத்திரையைக் கட்டாயமாக்கியது. பிரிட்டன், பானத்தில் உள்ள சர்க்கரையின் அளவைப் பொறுத்து 2018 முதல் வரி வசூலிக்கப்போவதாக இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அறிவித்தது. வரி நடைமுறைக்கு வருவதற்குள்ளாகவே பல நிறுவனங்கள் தங்கள் பானங்களில் சர்க்கரையைக் குறைத்துவிட்டன.