ஒரே தேதியில் பிறந்த இசைக்கலைஞர்கள்: வரலாற்றுத் தாளுக்கு நான் படித்த முறை

இசை வரலாற்றுத் தாளுக்கு முதல் முறை படித்தபோது, பாடத்திட்டத்தில் இருந்த இருநூறு பெயர்களையும் காலவரிசையில் எழுதி, மேலிருந்து கீழாகத் திரும்பத் திரும்ப வாசித்தேன். தேர்வறையில் ஒவ்வொருவரின் நூற்றாண்டும் நினைவுக்கு வந்தது. ஆண்டு வரவில்லை, யாருக்கு யார் மூத்தவர் என்பதும் தெளியவில்லை. அடுத்த முறை அதே பெயர்களைப் பிறந்த தேதிவாரியாகப் பிரித்து, ஒரே நாளில் பிறந்தவர்களை ஒரே பக்கத்தில் சேர்த்துப் படித்தேன். முன்பு விட்டுப்போன வினாக்களில் பெரும்பாலானவற்றுக்கு விடையெழுத முடிந்தது இந்த மாற்றத்தால்தான் என்று உறுதியாக நம்புகிறேன். அதனால் அந்த முறையையும், அதில் நான் தவறிய இடங்களையும் இங்கே பதிவு செய்கிறேன்.

தொடங்குவதற்கு எளிய பக்கம் ஜூன் 24. கவிஞர் கண்ணதாசன் பிறந்தது 1927இல், மெல்லிசை மன்னர் எம்.எஸ். விசுவநாதன் பிறந்தது 1928இல். தேதி ஒன்று, இடைவெளி சரியாக ஓர் ஆண்டு, பாடலாசிரியரே மூத்தவர். இந்த மூன்றையும் ஒரே வரியில் எழுதிவைத்த பிறகு இருவரின் பிறந்த ஆண்டும் எனக்கு ஒருபோதும் மறக்கவில்லை. அதே தேதியில் கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக் 1944இலும், டிரம்ஸ் கலைஞர் மிக் ஃப்ளீட்வுட் 1947இலும் பிறந்தார்கள் என்பதை அதன் கீழே எழுதினேன். ஏற்கெனவே நெருக்கமான இரு பெயர்களோடு சேர்ந்ததால், அதுவரை வெறும் பெயர்களாக இருந்த அந்த இருவரும் நினைவில் எளிதாக இடம்பிடித்தார்கள்.

எனக்கு மிகவும் பயன்பட்டது செப்டம்பர் 16ஆம் தேதிக்கான பக்கம். அது எப்படி இருந்தது என்பதை அப்படியே சொல்கிறேன். மேலே தேதி, அதன் கீழே இடைவெளி விட்டு மூன்று வரிகள்: நாதியா பூலாஞ்சே, 1887, எம்.எஸ். சுப்புலட்சுமி, 1916, பி.பி. கிங், 1925. வலது ஓரத்தில் முதல் இரண்டு பெயர்களுக்கு நடுவே 29 என்றும், அடுத்த இரண்டுக்கு நடுவே 9 என்றும் பென்சிலால் குறித்தேன். ஓர் ஆண்டு தெரிந்தால் மற்ற இரண்டையும் கூட்டியோ கழித்தோ கண்டுபிடித்துவிடலாம். ஆனால் எண்கள் மட்டும் நெடுநாள் நிற்பதில்லை. ஆகவே ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு செய்தி எழுதினேன். பூலாஞ்சே, ஆரன் கோப்லாண்ட், ஃபிலிப் கிளாஸ், குவின்சி ஜோன்ஸ் ஆகியோருக்குக் கற்பித்த பிரெஞ்சு ஆசிரியை. எம்.எஸ்., 1966இல் ஐக்கிய நாடுகள் சபையில் பாடியவர், 1998இல் பாரத ரத்னா பெற்றவர். கிங், தம் கிட்டாருக்கு லூசில் என்று பெயரிட்ட புளூஸ் கலைஞர். ஓர் ஆசிரியை, ஒரு பாடகி, ஒரு கிட்டார் கலைஞர் என்று மூன்று வெவ்வேறு இசை மரபுகள் ஒரே பக்கத்தில் நின்றதால், எந்த மரபிலிருந்து வினா வந்தாலும் அந்தப் பக்கம் முழுவதும் கண்முன் விரிந்தது. ஏப்ரல் 7 பக்கத்தில் பில்லி ஹாலிடேயும் (1915) பண்டிட் ரவிசங்கரும் (1920) இருப்பதும் இதே வகைதான்.

பெரிய தவறு நேர்ந்தது மே 7இல். ஜெர்மானிய இசையமைப்பாளர் பிராம்ஸ் 1833இல் அன்றுதான் பிறந்தார். ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கியும் 1840இல் அன்றுதான் பிறந்தார். ஆனால் நான் பயன்படுத்திய ஒரு நூலில் சைக்கோவ்ஸ்கிக்கு ஏப்ரல் 25 என்றிருந்ததால் அவருக்குத் தனிப் பக்கம் ஒதுக்கியிருந்தேன்; மாதிரித் தேர்வில் இருவரையும் இணைத்துக் கேட்ட வினாவைத் தவறவிட்டேன். பிறகுதான் காரணம் புரிந்தது. ரஷ்யா 1918 வரை ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தேதிகளை இன்றைய கிரெகோரியன் நாட்காட்டிக்கு மாற்றும்போது பன்னிரண்டு நாள் கூட்ட வேண்டும். ஏப்ரல் 25 அவ்வாறே மே 7 ஆகிறது. இன்னொரு ரஷ்ய இசையமைப்பாளரான ஸ்கிரியாபினுக்கு ஆண்டே மாறிவிடுகிறது: பழைய கணக்கில் 1871 டிசம்பர் 25, புதிய கணக்கில் 1872 ஜனவரி 6. அந்த ஜனவரி 6தான் 1967இல் பிறந்த ஏ.ஆர். ரஹ்மானின் பிறந்தநாளும்.

இதைவிட நுட்பமான சிக்கல் மார்ச் 21. ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் 1685 மார்ச் 21 அன்று பிறந்தார் என்பது ஜூலியன் கணக்கு. அந்த நூற்றாண்டில் வித்தியாசம் பத்து நாள் என்பதால், கிரெகோரியன் கணக்கில் அது மார்ச் 31. ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கிக்கு 1839 மார்ச் 21 என்று அச்சிடுவதோ கிரெகோரியன் கணக்கு. இருவரும் ஒரே நாளில் பிறந்தவர்கள் என்று எழுதினால் இரண்டு நாட்காட்டிகளைக் கலந்துவிட்டோம் என்று பொருள். ஆகவே பழைய காலத்துப் பெயர்களுக்கு எந்த நாட்காட்டி என்பதைத் தேதியின் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

மே 7ஐத் திருத்திய பிறகு அந்தப் பக்கமே என் நோட்டில் மிகச் செறிவானதாக மாறியது. பிராம்ஸும் சைக்கோவ்ஸ்கியும் 1878இல் ஆளுக்கொரு வயலின் கான்செர்ட்டோ (இசைக்குழுவோடு வயலின் முதன்மையாக ஒலிக்கும் படைப்பு) எழுதினார்கள், இரண்டும் டி மேஜர் என்ற ஒரே சுரவரிசையில் அமைந்தவை. 1888 புத்தாண்டு நாளில் லைப்சிக் நகரில் இருவரும் சந்தித்தார்கள். அந்த இரண்டு கான்செர்ட்டோக்களையும் அடுத்தடுத்துக் கேட்டதில் நான் கற்றது, பல பக்கங்களை வாசித்துக் கற்றதைவிட அதிகம். பக்கத்தில் உள்ளவர்களின் இசையைக் கேட்காமல் தேதியை மட்டும் படிக்க வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

இத்தனை ஒற்றுமைகள் எப்படி அமைகின்றன என்று சிலர் வியப்பார்கள். இருபத்து மூன்று பேர் இருந்தாலே அவர்களில் ஏதேனும் இருவருக்குப் பிறந்தநாள் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல். ஏனெனில் அவர்களுக்குள் 253 இணைகள் உண்டு. இருநூறு பெயர்கள் என்றால் இணைகள் 19,900. அவற்றில் ஐம்பதுக்கு மேற்பட்டவை ஒத்துப்போகும் என எதிர்பார்க்கலாம். எனவே உங்கள் பாடத்திட்டத்திலும் போதிய பக்கங்கள் கிடைக்கும். அவற்றுக்கு நட்சத்திரப் பலன் தேட வேண்டியதில்லை.

உறுதியில்லாத தேதிகளுக்கு நோட்டின் கடைசியில் தனி இடம் ஒதுக்கினேன். பீத்தோவனுக்கு நம்மிடம் இருப்பது 1770 டிசம்பர் 17 என்ற திருமுழுக்குப் பதிவு மட்டுமே. ஷோப்பானின் திருமுழுக்குப் பதிவில் 1810 பிப்ரவரி 22 என்றிருக்க, அவரும் குடும்பத்தாரும் மார்ச் 1ஐயே பிறந்தநாளாகக் கொண்டார்கள். லூயி ஆம்ஸ்ட்ராங் தாம் 1900 ஜூலை 4இல் பிறந்ததாகச் சொல்லிவந்தார். பின்னர் கிடைத்த பதிவு 1901 ஆகஸ்ட் 4 என்று காட்டியது. இளையராஜா பிறந்தது 1943 ஜூன் 3. கலைஞர் கருணாநிதியின் பிறந்தநாளும் அதுவே என்பதால், தம் பிறந்தநாளை ஜூன் 2இல் கொண்டாடுகிறார். இத்தகைய பெயர்களுக்கு இரண்டு தேதிகளையும் காரணத்தோடு எழுதினேன், ஏனெனில் விரிவான விடைகளில் அந்தக் காரணத்துக்கே மதிப்பெண் உண்டு.

தேர்வுக்கு முந்தைய வாரத்தில் புதிதாக எந்தப் பக்கமும் சேர்க்கவில்லை. பெயர்களைக் கையால் மறைத்து, வலது ஓரத்துப் பென்சில் எண்களை மட்டும் பார்த்து, ஒவ்வொரு பக்கத்தையும் வெற்றுத்தாளில் மீண்டும் எழுதினேன். பிழையான பக்கத்தை மறுநாள் காலையில் இன்னொரு முறை எழுதினேன்.