பதினோராவது பெயர்

"இருக்கேடா, இதோ பதினோராவது பேரு."

நான் சொன்னது இவ்வளவுதான். திட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. அவனுக்கு வர வேண்டிய பணம் போய்விடக் கூடாதே என்ற பதற்றத்தில் சொன்னது. அப்படித்தான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அன்று கடைசி நாள். ஒன்பதாம் வகுப்பு ப்ரீ மெட்ரிக் ஸ்காலர்ஷிப் விவரத்தைச் சாயங்காலத்துக்குள் ஏற்றியாக வேண்டும் என்று ஹெச்.எம். அறையிலிருந்து தாள் வந்தது. சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார், பாஸ்புக் ஜெராக்ஸ் என்று யார் எதைத் தரவில்லை என்பதைப் பார்க்க வேண்டும். பாடமும் பாக்கி. "பேர் வாசிக்கிறேன், எழுந்து நில்லுங்க" என்றேன். 10 பேர் நின்றார்கள். அவன் நிற்கவில்லை. இரண்டாம் முறை வாசித்தேன். உட்கார்ந்தபடியே, "அந்த லிஸ்ட்ல நான் இல்ல டீச்சர்" என்றான். அதற்குத்தான் அந்தப் பதில்.

எழுந்தான். பக்கத்தில் இருந்தவன் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். வகுப்பே அமைதியாகிவிட்டது என்று எழுதக் கை போகிறது. ஆனால் வழக்கமான சலசலப்பு இருந்திருக்கும். நான் கவனிக்கவில்லை, டிக் அடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் பாஸ்புக் ஜெராக்ஸோடு வந்தான். கடைசி நாள் வழக்கம்போல் கடைசி நாளாக இல்லை, தேதியை நீட்டித்திருந்தார்கள். 3,500 ரூபாய் அவன் கணக்கில் ஏறியது. பத்தாவது பாஸ் பண்ணினான். யார் வந்து கேட்டாலும் நான் காட்டுவதற்கு எல்லாமே சரியாக இருக்கிறது. ஒன்றே ஒன்று: அடுத்த வாரத்திலிருந்து அவன் வேறு பெஞ்சில் உட்கார்ந்தான். அவனாக மாறினானா, மாற வைத்தார்களா என்று நான் கேட்கவில்லை. பிள்ளைகள் இடம் மாறுவது சாதாரணம்தானே என்று விட்டுவிட்டேன்.

பின்னால் யோசித்தபோதுதான் ஒன்று உறைத்தது. இந்த ஸ்காலர்ஷிப் ஒன்பதிலும் பத்திலும் படிக்கும் பட்டியல் சாதிப் பிள்ளைகளுக்கானது. அதாவது எட்டாவது வரைக்கும் அவன் பெயர் இந்தப் பட்டியலில் வாசிக்கப்பட்டதே இல்லை. அதுவரை பக்கத்துப் பையனிடம் என்ன சொல்லி வைத்திருந்தானோ, அல்லது எதைச் சொல்லாமல் வைத்திருந்தானோ. "நான் இல்ல" என்று அவன் சொன்னது என்னிடம் இல்லை, அந்தப் பையனிடம். நான் பொய் என்று நிரூபித்ததும் அந்தப் பையனிடம்தான்.

"எந்தப் பிள்ளை என்ன சாதின்னே எனக்குத் தெரியாது" என்று ஸ்டாஃப் ரூமில் பெருமையாகச் சொல்கிறவள் நான். பொய்யும் இல்லை. எமிஸில், அதாவது கல்வித் துறையின் மாணவர் விவரத் தளத்தில், சாதிக்கான அந்தக் கட்டம் என் கண்ணெதிரே திறந்தே கிடக்கும், நிரப்பியவளும் நான்தான், ஆனாலும் மனதில் ஏற்றிக்கொள்வதில்லை. அப்படி இருக்க முடிந்ததற்கு நல்ல மனசு காரணம் என்று நம்பியிருந்தேன். நான் படித்த காலத்தில் எழுந்து நிற்கச் சொல்லும் எந்தப் பட்டியலிலும் என் பெயர் இருந்ததில்லை. அது இப்போதுதான் கணக்கில் வருகிறது.

இதைப் பள்ளியில் மூத்த சார் ஒருவரிடம் சொன்னேன். ஆறுதல் எதிர்பார்த்துச் சொன்னேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் சிரித்தார். "நாங்கல்லாம் நின்னு வாங்கினவங்கதாம்மா. நின்னதாலதான் இங்க உக்காந்திருக்கோம். உரிமைய ஏன் ஒளிச்சு வாங்கணும்? ஒளிக்கச் சொல்லிக் குடுக்கறதுதான் தப்பு." பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் சொன்னதை அவர் சொல்லலாம். அதை என் சமாதானமாக நான் எடுத்துக்கொள்ள முடியுமா? இரண்டு நாள் எடுத்துக்கொண்டு நிம்மதியாகத்தான் இருந்தேன்.

அரசு தரும் இலவச சைக்கிளை நினைத்துக்கொள்வேன். அதுவும் முதலில் ஆதிதிராவிடர், பழங்குடிப் பெண் பிள்ளைகளுக்கு என்றுதான் வந்தது, பிறகு எல்லாருக்கும் ஆனது. இன்று பள்ளி வாசலில் வரிசையாக நிற்கும் சைக்கிள்களில் எது யாருடையது என்று அவை சொல்வதில்லை. அதற்காக ஸ்காலர்ஷிப்பையும் எல்லாருக்கும் கொடுத்துவிட முடியாது. 2.5 லட்சம் வருமான வரம்பு, சாதிச் சான்று எல்லாம் ஒரு காரணத்தோடுதான் வைத்திருக்கிறார்கள். பெயரைப் பிரித்து எடுக்காமல் பணத்தைக் கொடுக்க வழியில்லை. பிரித்த பெயரை உரக்க வாசிக்கச் சொல்லி மட்டும் எந்த விதியும் இல்லை, அது நாங்களாகச் செய்தது. 'நாங்கள்' என்று எழுதினால் கொஞ்சம் இலேசாகிறது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த அண்ணனையும் தங்கையையும் வெட்டியது, அந்த அண்ணனோடு கூடப் படித்தவர்கள். அதன்பிறகு பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் சாதியைக் காட்டும் கயிறு கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது என்பதெல்லாம் செய்தியில் அடிபட்டன. உதவித்தொகை விஷயத்தை வகுப்பில் சொல்லாமல் தலைமையாசிரியர் தன் அறைக்கு அழைத்துச் சொல்ல வேண்டும் என்பதும் அதில் இருந்தது. படித்தபோது, நான் வாசித்தது அதற்கு முன்னால்தானே என்று ஒரு கணம் தேதி பார்த்தேன். எதற்குப் பார்த்தேன் என்று தெரியவில்லை.

இப்போது நான் வகுப்பில் வாசிப்பதில்லை. ஒவ்வொருவராக வெளியே கூப்பிட்டுச் சொல்கிறேன். முதல் வருடம் நன்றாகத்தான் போனது. போன மாதம் பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுக்க ஒரு பெண்ணை ஸ்டாஃப் ரூமுக்கு வரச் சொல்லி ஆளனுப்பினேன். வந்தாள். கையில் ஆதாரும் பாஸ்புக்கும் ஜெராக்ஸ் எடுத்து, ஸ்டேப்ளர் அடித்து.

"இது எதுக்கும்மா?" என்றேன்.

"நீங்க தனியாக் கூப்பிட்டீங்கல்ல டீச்சர்."