ரோப் அல்ல, பிரேக்கும் கதவும்

பழைய கட்டடங்களில் லிஃப்ட் வேலை பார்க்கும் எங்களிடம் குடியிருப்பவர்கள் அதிகம் கேட்பது, "ரோப் அறுந்துடாதே சார்?" என்றுதான். ரோப் ஒன்றல்ல, பல. அதையும் மீறி கேபின் கீழ்நோக்கி வேகமெடுத்தால், வேகத்தைக் கண்காணிக்கும் கவர்னர் அதை உணர்ந்து, கேபினில் இருக்கும் சேஃப்டி கியர் என்ற பிடிப்பானை இழுக்கும். கேபின் தான் ஏறி இறங்கும் கைடு ரெயிலைக் கவ்விக்கொண்டு நின்றுவிடும். 1854இல் நியூயார்க் கண்காட்சியில், லிஃப்டுக்குப் பாதுகாப்புப் பிடிப்பானை உருவாக்கிய எலிஷா ஓடிஸ் தான் நின்ற மேடையின் கயிற்றை வெட்டச் சொல்லி ஊருக்கே காட்டியது இந்தத் தைரியத்தைத்தான்.

எனக்குப் பயம் பிரேக்கிலும் கதவுப் பூட்டிலும். ரோப்பின் மறுமுனையில் தொங்கும் கவுண்டர்வெயிட்டின் எடை, காலி கேபினின் எடையோடு முழுச் சுமையில் ஏறக்குறைய பாதியைச் சேர்த்தது. அதனால் ஒரே ஆள் நிற்கும்போது பிரேக் வழுக்கினால் லிஃப்ட் கீழே விழாது, மேலே ஓடும். பழைய மெஷின்களில் கியர்பாக்ஸ் சீல் தேய்ந்து எண்ணெய் பிரேக் பிடிக்கும் டிரம் பக்கம் கசியும்; பிரேக் வழுக்குவது அதனால்தான். மெஷின் ரூமுக்குள் போனால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

அழைப்புகளில் பெரும்பாலானவை கதவால் வருபவை. எல்லா மாடிப் பூட்டுகளின் கான்டாக்டுகளும் ஒரே வரிசையில் இணைந்திருக்கும். ஒரு மாடியில் தளர்ந்தாலும் லிஃப்ட் அசையாது. எந்த மாடி என்று கண்டுபிடிக்க, கான்டாக்டைச் சுற்றி மின்சாரம் போகும்படி பைபாஸ் ஒயர் போட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. ஆபத்தே அங்குதான். வேறொருவர் பராமரித்துவந்த லிஃப்டை ஏற்றுக்கொண்டபோது, பேனலுக்குள் அப்படி ஒரு துண்டு ஒயர் தூசி படிந்து கிடந்தது. எத்தனை மாதம் அந்த லிஃப்ட் கதவு திறந்திருந்தாலும் ஓடும் நிலையில் இருந்ததோ! அதிலிருந்து என்னுடன் வரும் பையன்களுக்கு மீட்டரால் தேடத்தான் சொல்லித்தருகிறேன். கீழே எத்தனை பேர் காத்திருந்தாலும் சரி, பூட்டு சரியாகாமல் லிஃப்டை விடுவதில்லை.

புதுப்பிக்கப் பணம் ஒதுக்கினால் கண்ணாடி, விளக்கு, ஸ்டீல் பேனல் என்றுதான் சங்கங்கள் முதலில் கேட்கின்றன. பழைய மெஷினும் ரெயிலும் பெரும்பாலும் திடமானவை. நன்றாகக் கவனித்தால் இன்னும் பல வருடம் உழைக்கும். லிஃப்டை இயக்கும் கரி பிடித்த ரிலே பேனலும் பூட்டுகளும் பிரேக் லைனிங்கும்தான் காத்திருக்க முடியாதவை. நான் தரும் மதிப்பீட்டில் இவை மூன்றும் முதலில் இருக்கும். கண்ணாடி கடைசி வரியில்.