சிபிடி: கீழ்நோக்கு அம்பு சறுக்கும் இடங்கள்

சிபிடி என்பது எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றி மனதைச் சீராக்கப் பார்க்கும் பேச்சு சிகிச்சை. அதில் ஓர் எண்ணத்திலிருந்து கேள்வி கேள்வியாக இறங்கி, அடியில் இருக்கும் நம்பிக்கையைத் தொடுவதுதான் கீழ்நோக்கு அம்பு. எனக்கு முதல் நாலு செஷன் வீண். காரணம் அல்பமானது: வொர்க்‌ஷீட் ஆங்கிலத்தில் இருந்தது, அதனால் பதிலையும் ஆங்கிலத்திலேயே எழுதியாச்சு. 'ஐ ஆம் நாட் குட் எனஃப்' என்று எழுதி, இதை எத்தனை சதவீதம் நம்புகிறீர்கள் என்ற கட்டத்தில் 40 போட்டால், எதிரே இருப்பவரும் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுகிறார். அதே வரியை 'நான் ஒரு தண்டம்' என்று எழுதியபோது பேனா நின்றுவிட்டது. 90. சின்ன வயதில் எந்த மொழியில் திட்டு விழுந்ததோ, அந்த மொழியில்தான் அது உள்ளே உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலத்தில் கூப்பிட்டால் தலை சீவி, சட்டை மாட்டிக்கொண்டு வருகிறது. ஆகவே தாளில் வீட்டுத் தமிழ் மட்டும் எழுதுங்கள். 'தகுதியின்மை உணர்வு' என்று மேடைத் தமிழில் எழுதினாலும் இதே கோளாறுதான்.

சிபிடி கணக்கில் மனசுக்கு மூன்று அடுக்கு: மேலே சட்டென்று வந்துபோகும் எண்ணங்கள், நடுவில் 'இப்படி இருந்தால்தான் அப்படி' என்கிற விதிகள், அடியில் கோர் பிலீஃப், அதாவது நம்மைப் பற்றி நாமே ஆழமாகப் பிடித்துவைத்திருக்கும் நம்பிக்கை. 1960களில் பிலடெல்பியாவில் சிபிடியை உருவாக்கிய மனநல மருத்துவர் ஆரன் பெக், மனச்சோர்வு வந்தவர்களிடம் கவனித்த அந்த மேல் அடுக்கிலிருந்துதான் இன்றைக்கும் ஆரம்பிக்கிறார்கள். எடுத்த எடுப்பில் அடியைத் தோண்ட முடியாது. 'உங்களைப் பற்றி ஆழமாக என்ன நம்புகிறீர்கள்?' என்று கேட்டால் இன்டர்வியூவில் சொல்கிற பதில்தான் வரும்.

மனசு கலங்கிய நேரத்தைக் குறித்துவைக்கிற எண்ணப் பதிவுத் தாளில் பெரும்பாலும் ஏழு கட்டம் இருக்கும். நம்பிக்கையைத் தேடுவதற்கு முதல் மூன்றே போதும்: சூழ்நிலை, உணர்ச்சி, எண்ணம். சொதப்புவதும் இந்த மூன்றில்தான். சூழ்நிலை என்றால் கேமரா வைத்தால் பதிவாவது மட்டும்: யார், எங்கே, எத்தனை மணிக்கு, என்ன சொன்னார். 'அவர் அலட்சியமாகப் பேசினார்' கேமராவில் விழாது. உணர்ச்சிக் கட்டத்தில் 'மனசு சரியில்ல' என்று எழுதினால் தாளையே கிழித்துப் போடலாம். அது ஒரு மூட்டை. அவிழ்த்தால் அவமானம் 80, பயம் 30, ஏக்கம் 60 என்று தனித்தனியாக வரும். ஒற்றைச் சொல்லில் முடிந்தால் உணர்ச்சி, வாக்கியமாக நீண்டால் எண்ணம். 'என்னை ஒதுக்குற மாதிரி இருந்துச்சு' என்பது உணர்ச்சி மாதிரித்தான் தெரியும், ஆனால் மூன்றாவது கட்டத்துக்குப் போகவேண்டியது.

எண்ணம் கேள்வியாக வந்தால் அப்படியே விட்டுவிடக் கூடாது. 'எனக்கு மட்டும் ஏன் இப்படி?' என்பதற்கு மேல் அம்பு போட முடியாது. அதற்கு மனசு ரகசியமாகச் சொல்லிக்கொள்ளும் பதிலை எழுத வேண்டும்: 'என்கிட்டதான் ஏதோ கோளாறு.' தாளை அன்றைக்கே நிரப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி உட்கார்ந்து ஒரு வாரத்துக்கும் சேர்த்து எழுதினால் கதைதான் வரும், பதிவு வராது. தாள் இல்லாமல் செஷனுக்குப் போய் 'இந்த வாரம் பெருசா ஒண்ணும் இல்ல' என்று சொல்வதும் ஒரு பயணம் வீண், 45 நிமிடம் வீண். போனில் இரண்டு வரி தட்டி வைத்திருந்தாலும் போதும்.

இனி அம்பு. ஒரு சூழ்நிலையை எடுத்துக்கொள்வோம்: கல்யாண வீடு. பந்தி நடக்கிறது. பெரியம்மா எல்லாரையும் 'சாப்டியா?' என்று கேட்டுக்கொண்டே வருகிறார், ஒருத்தரை மட்டும் கேட்காமல் தாண்டிப் போகிறார். எண்ணம்: 'பெரியம்மா என்னைக் கண்டுக்கல.'

கெட்டுப்போன தாள் இப்படி ஓடும். கண்டுக்கலைன்னா? 'மனசுல எதையோ வச்சிருக்காங்க.' இருந்தா? 'அம்மாகிட்ட சொல்லுவாங்க.' சொன்னா? 'வீட்ல சண்டை வரும்.' வந்தா? 'அடுத்த விசேஷத்துக்குக் கூப்பிட மாட்டாங்க.' நாலு அம்பு போட்டாகிவிட்டது, ஓர் அங்குலம் கீழே இறங்கவில்லை. எல்லாம் பக்கவாட்டில் ஓடிய அம்புகள். சீரியலுக்குக் கதை கிடைக்கும், நம்பிக்கை கிடைக்காது. தப்பு கேள்வியில்தான். 'அப்புறம் என்ன ஆகும்?' என்று கேட்டால் மனசு சம்பவங்களைத்தான் அடுக்கும். கேட்க வேண்டியது இரண்டே கேள்வி: 'அது நிஜம்னே வச்சுக்குவோம், அதுக்கு என்ன அர்த்தம்?' அது ஓய்ந்ததும், 'அது என்னைப் பத்தி என்ன சொல்லுது?'

அதே பெரியம்மா, திருத்திய தாள். 'என்னைக் கண்டுக்கல.' அதுக்கு என்ன அர்த்தம்? 'நான் வந்தது அவங்க கண்ணுல படவே இல்ல.' அது என்னைப் பத்தி என்ன சொல்லுது? 'நான் வந்தாலும் ஒண்ணு, வராட்டியும் ஒண்ணு.' அப்படின்னா? 'எழுந்து நாலு வேலை செஞ்சாதான் என்னை மதிப்பாங்க.'

இங்கே பாதிப் பேர் நிறுத்திவிடுவார்கள், ஏனென்றால் கேட்க ஞானம் மாதிரி இருக்கிறது. 'செஞ்சாதான்' என்ற சொல்லே காட்டிக்கொடுத்துவிடும்: இது நடு அடுக்கு, விதி. விதி வந்தால் அதை மீறிப் பார்க்கச் சொல்லி அடுத்த அம்பைப் போட வேண்டும். வேலை எதுவும் செய்யாம சும்மா உட்கார்ந்திருந்தா நான் யாரு? 'தண்டம்.'

அடி தட்டியதற்கு அடையாளங்கள் உண்டு. வாக்கியம் இரண்டு மூன்று சொல்லாகச் சுருங்கிவிடும். 'ஆல்', 'ஆனால்' எதுவும் ஒட்டியிருக்காது. அடுத்த அம்பு போட்டாலும் அதே சொல்தான் திரும்பி வரும். உடம்பும் சொல்லும்: தொண்டை அடைக்கும், கண் கலங்கும், சிலருக்குச் சம்பந்தமே இல்லாமல் சிரிப்பு வரும். எதுவுமே அசையவில்லை என்றால் மூளையால் எழுதிய பதில். இரண்டு படி மேலே போய் வேறு எண்ணத்தை எடுக்க வேண்டும். எழுதிய எண்ணங்களில் எது தனியாக நின்றாலும் அதே அளவு வலிக்குமோ, அதில்தான் அம்பு ஆரம்பிக்க வேண்டும். லேசான எண்ணத்தில் ஆரம்பித்த தாள் லேசாகவே முடியும்.

'கஷ்டமா இருக்கும்' என்று பதில் வந்தால் அது உணர்ச்சி. ஓரமாகக் குறித்துவிட்டு 'எதனால கஷ்டம்?' என்று மறுபடி கேளுங்கள். பாதி வழியில் 'சேச்சே, பெரியம்மா வேலை மும்முரத்துல மறந்திருப்பாங்க' என்று வாதாடாதீர்கள். வாதத்துக்கு வேறு தாள் இருக்கிறது. இறங்கும்போது எண்ணம் உண்மையென்றே வைத்துக்கொண்டு இறங்குவதுதான் இந்த முறை, அதனால்தான் இது கொஞ்சம் ஆபத்தானதும்கூட. ராத்திரி 11 மணிக்குத் தனியாக உட்கார்ந்து இதைச் செய்யாதீர்கள். செஷனில் செய்தால் ஏறி வருவதற்குக் கடைசியில் 15 நிமிடமாவது மிச்சம் இருக்க வேண்டும். மணி பார்த்துக்கொள்வது உங்கள் வேலையும்தான். எழுந்து குளிக்கவே முடியாத அளவுக்குச் சோர்வு இருக்கிற வாரத்தில் அம்பே வேண்டாம், முதலில் அன்றாட வேலைகளைச் சிறிது சிறிதாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும். சாகத் தோன்றினால் தாளை மூடிவிட்டு உடனே அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள், தமிழிலேயே பேசலாம்.

ஒரே தாளை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. குடும்பம், வேலை, நட்பு என்று வேறு வேறு இடத்திலிருந்து குறைந்தது மூன்று தாள். மேனேஜர் மெயிலுக்குப் பதில் போடாததில் ஆரம்பித்த தாளும் 'தண்டம்' என்றே முடிந்தது. வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டதைப் பற்றிய தாளோ 'கையாலாகாதது' என்று முடிந்தது. இரண்டும் ஒன்று போலத் தெரியும், ஒன்றல்ல. ஆரன் பெக்கின் மகளும் உளவியலாளருமான ஜூடித் பெக், ஒருவர் தன்னைப் பற்றி வைத்திருக்கும் நம்பிக்கைகளை மூன்று கூறாகப் பிரிக்கிறார். நம் ஊர்த் திட்டுகளில் மூன்றும் தயாராகவே இருக்கின்றன: கையாலாகாதது, யாருக்கும் வேண்டாதது, தண்டம். சந்தேகம் வந்தால் இன்னொரு கேள்வி: கையாலாகாதவனாவே இருந்தா எது உறுத்துது? 'வேலை முடியாது' என்றால் முதல் கூறு. 'எல்லாரும் விட்டுட்டுப் போயிடுவாங்க' என்றால் இரண்டாவது. 'இருக்கிறதே பாரம்' என்றால் மூன்றாவது. கூறு மாறிப்போனால் பின்னால் சேர்க்கிற சாட்சியும் மாறிப்போகும். யாருக்கும் வேண்டாதவள் என்று நம்புகிறவரிடம் மார்க் ஷீட்டைக் காட்டி என்ன பயன்?

தெரபிஸ்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் நாளே 'உங்க கோர் பிலீஃப் இதுதான்' என்று எழுதிக் கொடுக்கிறவரிடம் ஜாக்கிரதை. ஒரு இடத்தில் அப்படித்தான் நடந்தது, அத்தோடு 'பாசிட்டிவா நினைங்க' என்ற பிரசாதமும் கிடைத்தது. தெரபிஸ்ட் ஊகிக்கலாம், ஆனால் 'இப்படி இருக்குமோ, பொருந்துதா?' என்று கேட்க வேண்டும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு இருந்தால் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

கண்டுபிடித்தபின் மாற்று வாக்கியம் எழுதச் சொல்வார்கள். 'நான் அபாரமான ஆள்' என்று எழுதினால் மனசே சிரிக்கும். 'சும்மா இருந்தாலும் எனக்கு ஒரு இடம் உண்டு' என்பது மாதிரி, இன்றைக்கு 10 சதவீதமாவது நம்ப முடிகிற வாக்கியம் போதும். அதற்குச் சாட்சி நோட்டு ஒன்று. தினம் ஒரு வரி. 'இதெல்லாம் ஒரு விஷயமா' என்று தோன்றுவதைத்தான் குறிப்பாக எழுத வேண்டும், பழைய நம்பிக்கை இத்தனை வருஷமாக வடிகட்டி வெளியே தள்ளியது அதைத்தான். வரியில் 'ஆனா' வந்தால் அதற்கு முன்னாலேயே முற்றுப்புள்ளி வைத்துவிடுங்கள். வாரத்துக்கொரு முறை பழைய வாக்கியத்தை எவ்வளவு நம்பினோம் என்று, அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் குறியுங்கள். அதிகபட்சம் மாதக்கணக்கில் 90-லேயே நிற்கும். குறைந்தபட்சம்தான் முதலில் அசையும்.

என் நோட்டில் அது 70-க்கு இறங்கிய வாரத்தின் வரி: 'பக்கத்து வீட்டம்மா ஊருக்குப் போறப்ப சாவியை நம்ம வீட்ல குடுத்துட்டுப் போனாங்க.' அதற்குப் பின்னால் 'ஆனா வேற யாரும் வீட்ல இல்ல' என்று எழுதி அடித்திருக்கிறது.