முன்பாரம், பின்பாரம், ஒரு பிக்கப்

டென்வருக்குக் குடிவந்த நாளிலிருந்து ஒவ்வொரு கோடையிலும் கூடாரம்தான். மகளுக்கு ஒன்பது வயதான ஆண்டு, மலையில் நள்ளிரவில் ஆலங்கட்டி மழை கொட்டி, கூடாரம் எங்கள் மேலேயே படுத்துக்கொண்டது. வீடு திரும்பும் வழியிலேயே மனைவி சொல்லிவிட்டாள்: "இனிமேல் சுவரும் கூரையும் இருந்தால்தான் வருவேன்." டிரெய்லரை இழுத்துக்கொண்டு போய்க் காட்டுப் பாதையில் பின்னோக்கி எடுக்க எனக்குத் தைரியம் இல்லை. அதனால் டிரக் கேம்பர் என்று முடிவானது. அடுப்பு, படுக்கை, கழிப்பறையோடு பிக்கப்பின் முதுகில் உட்கார்ந்துகொள்ளும் சின்ன வீடு அது.

கேம்பரை முடிவு செய்யாமல் வண்டியைத் தேடக் கிளம்பினேன். அதுதான் முதல் தவறு. ஒரு விற்பனையகத்தில் முக்கால் டன் வகை டீசல் பிக்கப் ஒன்று கண்ணைப் பறித்தது. தோல் இருக்கை, திறக்கும் கூரை, கருநீல நிறம். "இது 18,000 பவுண்டு இழுக்கும். நீங்கள் சொல்லும் கேம்பர் 2,600 பவுண்டுதானே? இதற்கு அது தூசு" என்றார் விற்பனையாளர். முன்பணம் கட்டப் பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். மாடு இழுக்கிற பாரத்தை அதன் முதுகில் ஏற்றினால் என்ன ஆகும் என்று கிராமத்தில் பிறந்த எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

காப்பாற்றியது கதவோரத்து ஸ்டிக்கர். ஓட்டுநர் கதவைத் திறந்தால் நிலையில் ஒட்டியிருக்கும், உள்ளங்கை அகலம்தான். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டவே கூடாது என்று அதில் ஒரு வரி உண்டு. அந்தக் கருநீல வண்டியில் இருந்த எண் 2,274. காலிக் கேம்பரையே அது சுமக்கக் கூடாது.

இவ்வளவு பெரிய வண்டிக்கு ஏன் இவ்வளவு குறைவு என்று குழம்பினேன். கணக்கு எளிது. வண்டியும் சுமையும் சேர்ந்த மொத்த எடைக்கு ஒரு வரம்பு இருக்கிறது. இந்த வண்டிக்கு அது 10,000 பவுண்டு. அதிலிருந்து வண்டியின் சொந்த எடையைக் கழித்தால் மிஞ்சுவதே சுமைத்திறன். டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சினைவிடப் பல நூறு பவுண்டு கனம். தோல் இருக்கையும் கூரைக் கண்ணாடியும்கூட தங்கள் பங்கைத் தின்கின்றன. அரை டன், முக்கால் டன், ஒரு டன் என்பவை அந்தக் காலத்துச் சுமைக் கணக்கிலிருந்து வந்த பெயர்கள். இன்று வெறும் செல்லப்பெயர்கள். ஒரே மாடலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு வண்டிகளுக்குக்கூட ஸ்டிக்கர் எண் வேறுபடும். அன்று முதல் விற்பனையகங்களில் நான் விலை கேட்பதற்கு முன்னால் கதவைத் திறப்பவனாகிவிட்டேன்.

அடுத்த வாரம் சமையலறை மேசையில் கணக்குப் போட்டோம். கேம்பரின் விளம்பர எடை 2,600 பவுண்டு. அது தண்ணீரும் எரிவாயுவும் இல்லாத, கூடுதல் வசதி எதுவும் சேராத எடை. ஏசி, சோலார் தகடு, இரண்டாவது பேட்டரி, வெயில் மறைப்பு சேர்த்து இன்னொரு 300. தண்ணீர் ஒரு கேலன் 8.34 பவுண்டு, 30 கேலன் தொட்டி நிறைந்தால் 250. எரிவாயு 40. கேம்பரை வண்டியின் அடிச்சட்டத்தோடு இறுக்கிக் கட்டும் இரும்புச் சாமான்கள் 100. துணிமணி, அரிசி, பாத்திரம், குக்கர் 300. நாங்கள் மூவர் 430. கூட்டினால் 4,020.

இந்தக் கணக்கை அப்பாவிடம் தொலைபேசியில் வாசித்தேன். இளவயதில் வைக்கோல் வண்டி ஓட்டியவர். முழுவதும் கேட்டுவிட்டு, "எடை இருக்கட்டும். முன்பாரமா, பின்பாரமா?" என்றார். மாட்டு வண்டியில் பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலே தூக்கி, பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை நெரிக்கும். பிக்கப்பிலும் அதே கதைதான்: பாரத்தின் மையம் பின்அச்சுக்குப் பின்னால் விழுந்தால் முன்சக்கரம் லேசாகி, ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது. கேம்பரின் பக்கவாட்டில் எடை மையத்தைக் காட்டும் குறி ஒன்று இருக்கும். அது பின்அச்சுக்குச் சற்று முன்னால் வர வேண்டும். நாங்கள் பார்த்த கேம்பர், பிக்கப்பின் பின்பக்கச் சரக்குத் தொட்டி எட்டடி நீளம் உள்ள வண்டிக்காகச் செய்தது. ஆறே முக்கால் அடித் தொட்டி நிறுத்த வசதிதான் என்றாலும், அதில் ஏற்றினால் குறி பின்னால் தள்ளிப்போகும். குட்டைத் தொட்டி வண்டிகளை அன்றே பட்டியலிலிருந்து நீக்கினேன்.

பின்னால் பக்கத்துக்கு இரண்டு டயர் கொண்ட டூயலி வாங்கியிருந்தால் எடைக் கவலையே வந்திருக்காது. ஆனால் எட்டடி அகலத்தை எங்கள் தெருவில் எங்கே நிறுத்துவது? பக்கச் சுவர் வெளியே நீளும் பெரிய கேம்பர் வாங்குபவர்கள் டூயலியைத் தவிர வேறெதையும் பார்க்கக் கூடாது. ஸ்பிரிங்குக்கு உதவியாகக் காற்றுப் பை மாட்டினால் போதும் என்று சொன்னவர்களும் உண்டு. காற்றுப் பை வண்டியின் பின்பக்கத்தை நிமிர்த்தும். ஸ்டிக்கரில் உள்ள எண்ணை உயர்த்தாது.

கடைசியில் வாங்கியது ஃபோர்டு எஃப்-350, பின்னால் பக்கத்துக்கு ஒரே டயர், எட்டடித் தொட்டி, 7.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், துணி இருக்கை. மொத்த வரம்பு 11,300, ஸ்டிக்கரில் 4,250. எங்கள் கணக்கு போக 230 மிச்சம். டீசலை விட்டதில் எனக்கு முழு நிம்மதி இல்லை. டென்வருக்கு மேற்கே மலையைக் குடைந்து போகும் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை 11,000 அடிக்கு மேலே இருக்கிறது. காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் அங்கே ஏறும்போது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வலுவை இழந்து அலறுகிறது. இறக்கத்தில், புகை போகும் வழியை அடைத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைக்கும் டீசலின் எக்சாஸ்ட் பிரேக் இல்லாத குறையும் தெரிகிறது. கியரைக் குறைத்துப் பொறுமையாக இறங்குகிறேன். ஆனால் டீசலின் எடை, எங்களிடம் மிஞ்சிய அந்த 230 பவுண்டை விழுங்கியிருக்கும்.

முதல் பயணம் பக்கத்து மாநிலமான யூட்டாவில் உள்ள மோவாபுக்கு. புறப்பட்டதும் லாரிகள் நிற்கும் எரிபொருள் நிலையத்தின் எடைமேடையில் ஏறினேன். இரண்டு அச்சும் தனித்தனித் தட்டில் நிற்க வேண்டும். பொத்தானை அழுத்திச் சொன்னால் சீட்டுத் தருகிறார்கள். முன்அச்சு 4,380, பின்அச்சு 6,800, மொத்தம் 11,180. கணக்கைவிட 110 பவுண்டு கூட. வரம்புக்கு 120 பவுண்டுதான் மிச்சம். ஓரமாக நிறுத்தி, தண்ணீர்த் தொட்டியில் 20 கேலனைத் திறந்துவிட்டேன்.

பிறகு சாமான்களைத் துழாவினேன். கேம்பரின் பின்கதவுப் பக்கத்து அலமாரியில், துண்டு சுற்றி, மேசை கிரைண்டர்.

"நாலு நாளைக்கு மாவு வேண்டாமா?" என்றாள் மனைவி.

சீட்டைப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். ஒரே வரியில் பதில் வந்தது: "பின்பாரம்தான். கனமானதை முன்னால் வை."

கிரைண்டர் இப்போது வண்டியின் பின்இருக்கையில், மகளுக்குப் பக்கத்தில், சீட் பெல்ட் போட்டுக்கொண்டு வருகிறது.